பள்ளி வலையமைப்பில் என் சுயவிவர ஒதுக்கீடு நிரம்பிவிட்டது: எதை நீக்குவது, எதை நகர்த்துவது?

மோக்கா ஆசிரியை
புதன், மாலை 4.10

அனைவருக்கும் வணக்கம். நான் மொரீஷியஸில் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழ் கற்பிக்கிறேன். எங்கள் பள்ளியில் ஓர் ஆசிரியர் எந்த அறையில், எந்தக் கணினியில் உள்நுழைந்தாலும், அவருடைய மேசைத்திரையும் ஆவணங்களும் அவர் விட்டுச் சென்றபடியே வந்து நிற்குமாறு விண்டோஸ் வலையமைப்பை அமைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை முதல், நான் வெளியேற முயலும்போதெல்லாம், என் சுயவிவரம் (என் கோப்புகளும் அமைப்புகளும் சேர்ந்த தொகுப்பு) தன் சேமிப்பிட வரம்பைத் தாண்டிவிட்டதாகவும் சிலவற்றை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்றும் ஒரு செய்தி தோன்றுகிறது. வரம்பு 800 மெகாபைட். என்னுடையது 1,140 மெகாபைட் என்று அதிலேயே காட்டுகிறது.

எனக்குப் புரியாதது இதுதான். ஆவணங்கள் கோப்புறையை அளந்தேன், 190 மெகாபைட். மேசைத்திரையில் இருப்பவை 85. இரண்டையும் கூட்டினால் 275தான் வருகிறது. மீதி 865 எங்கிருந்து வந்தது? மறுசுழற்சித் தொட்டியையும் முழுமையாகக் காலி செய்தேன். எண் ஒரு மெகாபைட்கூட இறங்கவில்லை. நேற்று வேறோர் அறையில் உள்நுழைந்தபோது, திங்களன்று நான் எழுதி முடித்த வினாத்தாளின் ஆ பகுதியைக் காணவில்லை. சேமிக்க மறந்துவிட்டேன் போலும் என்று மீண்டும் எழுதத் தொடங்கினேன். தவணைத் தேர்வு நெருங்குகிறது. பதினோர் ஆண்டுகளாகச் சேர்த்த பாடக்குறிப்புகள் அதில் இருப்பதால், எதையும் துணிந்து நீக்க அஞ்சுகிறேன்.

போர்ட் லூயி எழுத்தர்
புதன், மாலை 4.45

அம்மா, பதிவிறக்கங்கள் கோப்புறையைப் பார்த்தீர்களா? பெரும்பாலானோருக்கு இடம் அங்கேதான் போகிறது. அதை முழுவதும் நீக்கிவிடுங்கள். பெரிய இழப்பு எதுவும் இராது.

எபேன் வலையமைப்பாளர்
புதன், மாலை 5.20

ஆசிரியை அவர்களே, தயவுசெய்து இப்போது எதையும் நீக்க வேண்டாம். பகுதி ஆ காணாமற்போனது உங்கள் மறதியால் அல்ல என்று நான் நினைக்கிறேன். இடத்தைக் காலி செய்வதைவிட அதுதான் அவசரமான செய்தி என்பதால் முதலில் அதை விளக்குகிறேன்.

நீங்கள் பயன்படுத்துவது ரோமிங் சுயவிவரம் எனப்படும் ஏற்பாடு. உள்நுழையும்போது உங்கள் கோப்புறைகள் சேவையகம் எனும் பள்ளியின் மையக் கணினியிலிருந்து அந்தக் கணினிக்குப் படியெடுக்கப்படுகின்றன. வேலை முழுவதும் அந்தப் படியின்மேல்தான் நடக்கிறது. வெளியேறும்போது மாற்றங்கள் மீண்டும் சேவையகத்துக்குப் போகின்றன. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில், வரம்பைத் தாண்டியவரைக் கணினி வெளியேறவே விடாது. அது தொல்லையாக இருந்தாலும், தவறு உடனே கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கடுத்த விஸ்டா பதிப்பு முதல் இந்த நடத்தை மாறிவிட்டது. இப்போது வரம்பைத் தாண்டியவர் தடையின்றி வெளியேறலாம். ஆனால் அவருடைய சுயவிவரம் சேவையகத்துக்குப் படியெடுக்கப்படுவதில்லை. திங்களன்று நீங்கள் எழுதிய ஆ பகுதி, திங்களன்று நீங்கள் அமர்ந்த கணினியில் மட்டும் இருக்கக்கூடும். செவ்வாயன்று வேறு அறையில் உங்களுக்குக் கிடைத்தது சேவையகத்தில் இருந்த பழைய படி.

ஆகவே நாளைக் காலை முதல் வேலையாக, திங்கள் முதல் நீங்கள் எந்தெந்தக் கணினிகளைப் பயன்படுத்தினீர்கள் என்று நினைவுகூர்ந்து, ஒவ்வொன்றிலும் உள்நுழைந்து, அந்த நாள்களில் திருத்திய கோப்புகளைப் பள்ளியின் பகிர்வு இயக்ககத்தில் தனிக் கோப்புறையாகப் படியெடுங்கள். ஒரே பெயருள்ள இரண்டு கோப்புகள் கிடைத்தால் ஒன்றின்மேல் மற்றொன்றை எழுதிவிடாமல், பெயருடன் கிழமையைச் சேர்த்து வையுங்கள். அதன் பிறகு இடத்தைப் பற்றிப் பேசலாம்.

போர்ட் லூயி எழுத்தர்
புதன், மாலை 6.05

மேலே அவசரப்பட்டு எழுதியதை நான் திரும்பப் பெறுகிறேன். வலையமைப்பாளர் சொல்வதைப் படித்ததும், எங்கள் அலுவலகத்தில் நடந்த ஒன்று இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலின் வெள்ளம் போர்ட் லூயி தெருக்களில் புகுந்தபோது, எங்கள் தரைத்தளக் கணினிகள் சில நீரில் மூழ்கின. எல்லாம் சேவையகத்தில் பத்திரமாக இருக்கும் என்று நம்பியிருந்தோம். மற்றவர்களுக்கு அப்படியே கிடைத்தது. என் பக்கத்து இருக்கைக்காரருக்கு மட்டும் டிசம்பர் முதல் வாரத்துக்குப் பிறகான எதுவும் கிடைக்கவில்லை. அவர் வாரக்கணக்கில் அந்த வரம்புச் செய்தியை மூடிக்கொண்டே இருந்தார் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. செய்தியின் பொருளை எங்களில் ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை.

காத்ர் போர்ன் நூலகர்
புதன், இரவு 8.30

தொட்டியைக் காலி செய்தும் எண் ஏன் இறங்கவில்லை என்ற கேள்விக்கு என்னால் விடை சொல்ல முடியும். மறுசுழற்சித் தொட்டி உங்கள் சுயவிவரத்துக்குள் இல்லை. அது அந்தக் கணினியின் வட்டில் தனியாக மறைந்திருக்கும் கோப்புறை. ஒரு கோப்பை நீக்கிய கணத்திலேயே அது சுயவிவரத்திலிருந்து வெளியேறித் தொட்டிக்குப் போய்விடுகிறது. சுயவிவரத்தின் எடை அப்போதே குறைந்துவிடும். தொட்டியைக் காலி செய்வதால் அந்தக் கணினியின் வட்டில் இடம் கிடைக்குமே தவிர, உங்கள் ஒதுக்கீட்டில் எதுவும் மாறாது. ஆவணங்கள் கோப்புறையைச் சேவையகத்துக்கே திசைதிருப்பி வைத்திருக்கும் நிறுவனங்களில் மட்டும் நிலைமை வேறு: அங்கே அந்தக் கோப்புறைக்கென்று ஒரு தொட்டி சேவையகத்திலேயே இருக்கும், அது இடத்தையும் பிடிக்கும்.

ஆகவே இப்போதைக்குத் தொட்டியைத் தொடாமல் விடுவதே உங்களுக்கு நல்லது. தவறுதலாக எதையாவது நீக்கினால் திரும்ப எடுக்க உதவும்.

மோக்கா ஆசிரியை
வியாழன், காலை 10.15

வலையமைப்பாளர் ஐயா, நீங்கள் சொன்னது சரிதான். 12ஆம் அறைக் கணினியில் ஆ பகுதி முழுமையாக இருக்கிறது. செவ்வாயன்று நான் மீண்டும் எழுதிய பாதி வேறொரு கணினியில் இருக்கிறது. இரண்டையும் பகிர்வு இயக்ககத்தில் கிழமைப் பெயருடன் வைத்துவிட்டேன். மிகவும் நன்றி.

இனி அந்த 865 மெகாபைட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு சிறிய சிக்கல்: எங்கள் கணினிகளில் சில பிரெஞ்சு மொழியில் இருக்கின்றன. நீங்கள் ஒரு பெயர் சொல்கிறீர்கள், திரையில் வேறு பெயர் இருக்கிறது.

எபேன் வலையமைப்பாளர்
வியாழன், நண்பகல் 12.40

பெயர்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்தத் தீவில் பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு. பிரெஞ்சுத் திரையில் பியூரோ என்று தோன்றினாலும், வட்டில் அந்தக் கோப்புறையின் உண்மையான பெயர் டெஸ்க்டாப்தான். திரைப்பெயர் மட்டும் மொழிக்கேற்ப மாறுகிறது. இரண்டும் வெவ்வேறு இடங்கள் என்று எண்ணி ஒன்றை நீக்கிவிட்டால் இரண்டும் போய்விடும்.

எடை எங்கே இருக்கிறது என்று காண, திரையின் வலது கீழ் மூலையில் கடிகாரத்துக்கு அருகே உள்ள எச்சரிக்கைச் சின்னத்தை இருமுறை சொடுக்குங்கள். சுயவிவரத்தில் உள்ள கோப்புகளை அளவுடன் ஒரு பட்டியலாகக் காட்டும். சிறிய கோப்புகளையும் காட்டு என்ற தெரிவை இப்போதைக்கு விட்டுவிடலாம். பொறுமையாகப் பார்க்க விரும்பினால், விண்டிர்ஸ்டாட் என்ற இலவசச் செயலி கோப்புறைகளை எடை வரிசையில் காட்டும். அதை நிறுவ உங்கள் பள்ளி நிர்வாகியின் அனுமதி வேண்டியிருக்கலாம்.

உங்கள் பெயரில் உள்ள கோப்புறைக்குள் ஆப்டேட்டா என்ற மறைந்த கோப்புறை இருக்கிறது. அதற்குள் லோக்கல், லோக்கல்லோ, ரோமிங் என்று மூன்று பிரிவுகள். முதல் இரண்டும் அந்தந்தக் கணினியிலேயே தங்கிவிடும். இயல்பான அமைப்பில் அவை உங்களுடன் பயணிப்பதில்லை. குரோம் உலாவியின் தற்காலிகக் கோப்புகளும் அவுட்லுக் தன் மின்னஞ்சல்களைச் சேமித்து வைக்கும் ஓஎஸ்டி கோப்பும் லோக்கலில் இருப்பதால், அவற்றை எவ்வளவு துடைத்தாலும் உங்கள் ஒதுக்கீடு குறையாது. கணினியை வேகப்படுத்தும் குறிப்புகள் என்று வலையில் பரவும் பல பயன்படாமற்போவதற்கு இதுவே காரணம். பயணிப்பது ரோமிங் பிரிவு மட்டுமே. அங்கே நான் முதலில் தேடுவது டீம்ஸ் என்ற இணையக் கூட்டச் செயலியின் பழைய பதிப்பு விட்டுச்சென்ற மிச்சம். முந்தைய டீம்ஸ் தன் தற்காலிகச் சேமிப்பு முழுவதையும் ரோமிங்கில்தான் வைத்திருந்தது. புதிய டீம்ஸ் லோக்கலுக்கு மாறிவிட்டது. ஆனால் பழைய குவியல் பல சுயவிவரங்களில் இன்னும் கிடக்கிறது. ஜூம் செயலியைப் பயனர் கணக்கின்கீழ் நிறுவியிருந்தால், செயலியே ரோமிங்கில் குடியிருக்கும். ஃபயர்ஃபாக்ஸின் தற்காலிகச் சேமிப்பு லோக்கலில் இருந்தாலும், புத்தகக்குறிகளும் இணையதளங்கள் சேமித்த தரவும் ரோமிங்கில் இருக்கும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. ரோமிங்கில் இடம் இருக்கிறது என்பதற்காக அதை மொத்தமாக நீக்கிவிடக் கூடாது. மைக்ரோசாஃப்ட் கோப்புறைக்குள் புரொடெக்ட், கிரிப்டோ என்ற இரண்டும் மிகச் சிறியவை. ஆனால் நீங்கள் சேமித்த கடவுச்சொற்களைத் திறக்கும் சாவிகள் அங்கேதான் இருக்கின்றன. சிக்னேச்சர்ஸ், டெம்ப்ளேட்ஸ் ஆகியவையும் சில கிலோபைட் மட்டுமே. உங்கள் பெயர்க் கோப்புறையில் மறைந்திருக்கும் என்டியூசர் டாட் என்ற கோப்பு உங்கள் அமைப்புகள் அனைத்தின் பதிவேடு. அதை ஒருபோதும் தொடக் கூடாது.

மஹேபூர் கணக்கர்
வியாழன், பிற்பகல் 2.25

இவ்வளவு தொல்லை எதற்கு என்று எனக்குத் தோன்றுகிறது. இன்று வட்டுகள் மலிவு. 800 மெகாபைட் என்பது ஒரு கைப்பேசிக் காணொளியின் அளவு. வரம்பை 10 கிகாபைட் ஆக்கிவிட்டால் ஓர் ஆசிரியர் தம் பாட நேரத்தை விட்டுவிட்டுக் கோப்புறைகளைத் துழாவ வேண்டியிராதே? பயனரைக் குறைகூறுவதைவிட அமைப்பை மாற்றுவது நியாயம் அல்லவா?

எபேன் வலையமைப்பாளர்
வியாழன், மாலை 5.50

ஐயா, பயனர்மீது குறையில்லை என்பதில் உங்களுடன் முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் வட்டின் விலையை வைத்து இந்த வரம்பை மதிப்பிட முடியாது. அதைத் தீர்மானிப்பது கம்பி வழியே செல்லும் நேரம். வினாடிக்கு 100 மெகாபிட் (8 பிட் சேர்ந்தது ஒரு பைட்) இணைப்பு உள்ள கணினிக்கு 1 கிகாபைட் சுயவிவரம் வந்து சேர, எந்தத் தடையும் இல்லாவிட்டாலும் 80 வினாடி ஆகும். காலையில் 35 பேர் ஒரே நேரத்தில் உள்நுழைந்தால், சேவையகத்தின் இணைப்பு 1 கிகாபிட்டாக இருந்தாலும்கூட, அனைவருக்கும் கொடுத்து முடிக்க ஏறத்தாழ ஐந்து நிமிடம் வேண்டும். நடைமுறையில் இன்னும் அதிகம் ஆகும், ஏனெனில் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படியெடுப்பது ஒரே பெரிய கோப்பைப் படியெடுப்பதைவிட மெதுவானது. 10 கிகாபைட் என்றால் முதல் பாடவேளை முழுவதும் அதிலேயே போய்விடும். ஒரே கணினியை நாள்தோறும் பயன்படுத்துபவருக்கு மாறிய கோப்புகள் மட்டுமே நகரும் என்பதால் இவ்வளவு துன்பம் இல்லை. அறை அறையாக மாறும் ஆசிரியருக்கு இதுவே அன்றாடச் சுமை.

நீங்கள் கேட்கும் அமைப்பு மாற்றம் இருக்கிறது. ஆவணங்கள், படங்கள், பதிவிறக்கங்கள் ஆகியவற்றைச் சேவையகத்தில் ஓரிடத்துக்குத் திசைதிருப்பிவிட்டால், அவை ஒவ்வொரு முறையும் படியெடுக்கப்படாமல் அங்கிருந்தே திறக்கும். சுயவிவரத்தில் அமைப்புகள் மட்டுமே எஞ்சும். பயணிக்க வேண்டாத கோப்புறைகளைப் பெயர் சொல்லி விலக்கவும், நிர்வாகி எல்லாக் கணினிகளுக்கும் சேர்த்து விதி வகுக்கும் குழுக் கொள்கையில் வழி உண்டு. இதைச் செய்யாமல் வரம்பை மட்டும் வைப்பது பாதி வேலை என்பதே என் கருத்து. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: அந்தக் கொள்கையில், நிர்வாகி எதையும் மாற்றாவிட்டால் முன்னிருப்பு வரம்பு 30,000 கிலோபைட், அதாவது 30 மெகாபைட்டுக்கும் குறைவு. ஆசிரியையின் பள்ளியில் யாரோ யோசித்துத்தான் 800 வைத்திருக்கிறார்.

மஹேபூர் கணக்கர்
வியாழன், மாலை 6.30

நேரக் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். அதைப் பற்றி நான் எண்ணிப் பார்க்கவில்லை. அப்படியானால் எல்லாவற்றையும் ஒன்டிரைவ் என்ற இணையச் சேமிப்பில் போட்டுவிட்டால் என்ன?

எபேன் வலையமைப்பாளர்
வியாழன், மாலை 6.50

உலாவி வழியாக ஏற்றினால் நல்லதுதான். ஆனால் கணினியில் இயங்கும் ஒன்டிரைவ் ஒத்திசைவுச் செயலியை ரோமிங் சுயவிவரத்துடன் சேர்த்துப் பயன்படுத்துவதை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை. இரண்டு ஏற்பாடுகளும் ஒரே கோப்பை இழுக்கும்போது எது கடைசி என்ற குழப்பம் வரும்.

காத்ர் போர்ன் நூலகர்
வியாழன், இரவு 9.15

தமிழாசிரியர்களுக்கென்று சிலவற்றை நான் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நூலகத்தில் எனக்கு இதே கவலை வந்தது. இடம் தேடும்போது பலரும் பழைய எழுத்துக் கோப்புகளையே முதலில் நீக்குகிறார்கள். அது வீண் தியாகம். எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு யுடிஎஃப்-8 முறையில் 3 பைட் போகும். உயிர்க்குறியோ புள்ளியோ சேர்ந்தால் இன்னொரு 3. அப்படி இருந்தும் 2,000 சொற்கள் கொண்ட கட்டுரை சுமார் 60 கிலோபைட்தான் வரும். கைப்பேசியில் எடுத்த ஒரே ஒரு படத்தின் இடத்தில் அத்தகைய ஐம்பது கட்டுரைகளை வைக்கலாம். பதினோர் ஆண்டுப் பாடக்குறிப்பு முழுவதும் எழுத்து என்றால், அதை நீக்கி உங்களுக்குக் கிடைக்கப்போவது மிகச் சிறிது.

பழைய கோப்பைத் திறந்தால் பொருளற்ற ரோமன் எழுத்துகளாகத் தெரிகிறது, கெட்டுவிட்டது என்று எண்ணியும் சிலர் நீக்குகிறார்கள். அது பெரும்பாலும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததாக இருக்கும். எழுத்துரு அந்தக் கணினியில் இல்லாததால் அப்படித் தெரிகிறது. யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டால் முழுமையாகத் திரும்பி வரும். எங்கள் நூலகத்தில் ஒருவர் தம் தந்தையார் எழுதிவைத்த தேவார விளக்கக் குறிப்புகளை இப்படி நீக்கவிருந்தார். கடைசி நேரத்தில் தடுத்தோம்.

எடை இருப்பது படங்களில். வேர்டு கோப்புக்குள் படங்களை ஒட்டியிருந்தால், படத்தைத் தேர்ந்து, படங்களைச் சுருக்கு என்ற வசதியில் அங்குலத்துக்கு 150 புள்ளி என்று வையுங்கள். அச்சிடும் வினாத்தாளுக்கு அது போதும். வேர்டு கோப்பையோ ஜேபெக் படத்தையோ ஜிப் செய்வதில் பயன் இல்லை. அவை ஏற்கெனவே சுருக்கப்பட்டவை.

பகிர்வு இயக்ககத்துக்கு நகர்த்தும்போது சில கோப்புகள் மறுக்கப்படலாம். விண்டோஸில் முழுப் பாதையின் நீளம் வழக்கமாக 260 குறியீடுகளுக்குள் இருக்க வேண்டும். வினாத்தாள் என்ற சொல் நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினிக்கோ பத்துக் குறியீடு. கோப்புறைகளுக்கும் கோப்புகளுக்கும் நீண்ட தமிழ்ப் பெயர் சூட்டுபவர்கள் அந்த எல்லையை விரைவில் தொட்டுவிடுவார்கள். தமிழ்ப் பெயரைக் கைவிட வேண்டாம். கோப்புறைக்குள் கோப்புறையாகப் போகும் அடுக்கைக் குறைத்தால் போதும்.

போர்ட் லூயி எழுத்தர்
வெள்ளி, காலை 8.20

பென் டிரைவில் நகர்த்தலாமா என்று சிலர் கேட்கக்கூடும். இரண்டாவது படியாக இருந்தால் சரி. ஒரே படியாக அதில் மட்டும் வைத்தால், பேருந்து இருக்கையில் அது நழுவும் நாளில் எல்லாம் போய்விடும்.

மோக்கா ஆசிரியை
வெள்ளி, பிற்பகல் 3.30

இன்று இரண்டு ஓய்வுப் பாடவேளைகளை இதற்கே கொடுத்தேன். தேடிய 865 மெகாபைட் இப்படி இருந்தது: பதிவிறக்கங்களில் 310, படங்களில் 125, ரோமிங்கில் 430. அந்த 430இல் பழைய டீம்ஸ் மட்டும் 290; ஜூம் 90; ஃபயர்ஃபாக்ஸும் மற்றவையும் 50. அந்த டீம்ஸை எங்கள் பள்ளி சென்ற ஆண்டே கைவிட்டது. ஒரு முறைகூடப் பார்த்திராத கோப்புறை என் ஒதுக்கீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிடித்திருந்தது.

பள்ளி நிர்வாகியிடம் காட்டி, அவர் முன்னிலையில் டீம்ஸ் மிச்சத்தை நீக்கினேன்; 850க்கு இறங்கியது. பதிவிறக்கங்களை மொத்தமாக நீக்காமல் ஒவ்வொன்றாகப் பார்த்தது நல்லதாயிற்று: பழைய கேம்பிரிட்ஜ் தேர்வு வினாத்தாள்கள் அங்கேதான் கிடந்தன. 290 மெகாபைட்டைப் பகிர்வு இயக்ககத்துக்கு நகர்த்தினேன். சென்ற காவடித் திருவிழாவில் மாணவர்களுடன் எடுத்த படங்கள் 125, அவற்றையும் நகர்த்தினேன். மேசைத்திரையில் இருந்த ஒரு பயிற்சித்தாள் 62 மெகாபைட் இருந்தது. உள்ளே பதினெட்டுக் கைப்பேசிப் படங்கள். நூலகர் சொன்னபடி சுருக்கியதும் 6 ஆனது, அச்சில் வேறுபாடு தெரியவில்லை. இப்போது மொத்தம் 379. எழுத்துக் கோப்பு ஒன்றைக்கூட நான் நீக்கவில்லை.

ஓர் ஐயம். இனி எல்லாம் சேவையகத்துக்குப் போகிறது என்று எப்படி உறுதிசெய்வது?

எபேன் வலையமைப்பாளர்
வெள்ளி, மாலை 4.05

முதலில் இன்று பயன்படுத்திய கணினியிலிருந்து முறையாக வெளியேறுங்கள். திரையைப் பூட்டிவிட்டுப் போவதும், மின்விசையை அணைப்பதும் வெளியேறுதல் ஆகாது, படியெடுப்பு நடக்காது. பிறகு நீங்கள் இதுவரை அமராத கணினி ஒன்றில் உள்நுழைந்து, இன்று திருத்திய ஒரு கோப்பின் நேரத்தைப் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு கணினிகளில் உள்நுழைந்திருக்க வேண்டாம். ஒரே கோப்பை இரண்டிலும் மாற்றியிருந்தால் பிந்திய நேரமுள்ள பதிப்புதான் தங்கும். தற்காலிகச் சுயவிவரத்தில் உள்நுழைந்திருக்கிறீர்கள் என்ற செய்தி எப்போதாவது வந்தால் அங்கே ஒரு வரிகூட எழுதாதீர்கள்; வெளியேறியதும் அது அழிந்துவிடும்.

மோக்கா ஆசிரியை
வெள்ளி, மாலை 4.50

நூலக அறைக் கணினியில் உள்நுழைந்தேன். முன்பு மூன்று நிமிடத்துக்கு மேல் காத்திருப்பேன். இன்று ஒரு நிமிடத்துக்குள் மேசைத்திரை வந்தது. வினாத்தாள் ஆ பகுதியுடன் இருக்கிறது, நேரம் 3.12 என்று காட்டுகிறது.

நிர்வாகி தம் பட்டியலைப் பார்த்தபோது, என் சக ஆசிரியர்களில் மேலும் இருவர் வரம்பைத் தாண்டியிருப்பது தெரியவந்தது. ஒருவருடைய மதிப்பெண் பட்டியல் இரண்டு வாரமாகச் சேவையகத்தை எட்டவில்லை. விடுமுறையில் ஆய்வறைக் கணினிகள் அனைத்தையும் அழித்து மறுபடி நிறுவுகிறார்கள். திங்கள் காலை, மணி அடிக்கும் முன், நாங்கள் மூவரும் அந்தக் கணினிகள் ஒவ்வொன்றிலும் உள்நுழைந்து பார்க்கப்போகிறோம்.